வெள்ளிக்கிழமை பிரஷர்

தென்காசி
ஜூலை, புதன்கிழமை
அஸர் தொழுதுவிட்டு வந்து எழுதுவது

என் அருமை மகள் ஷிஃபாவுக்கு, வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் அந்தக் குளிர் ஊரில் வயிறு நிறையச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்க அல்லாஹ் அருள் செய்வான். எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே. நான் நலம் என்று எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் நிறுத்தி இன்னொரு தடவை வாசி. எனக்குப் பிரஷர் இல்லை. ஏப்ரலிலும் இல்லை, போன வெள்ளிக்கிழமையும் இல்லை. எனக்காகச் சனிக்கிழமை டிக்கெட் போட்டு வைத்திருக்கிறாய், படிப்பை ஒரு வருடம் தள்ளி வைப்பதாகக் காலேஜில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாயே, அந்தக் காகிதத்தைக் கொடுக்காதே. அதற்கு முன்னால் இதைக் கடைசி வரை வாசித்துவிடு. போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். சொல்ல ஆரம்பித்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பேச்சை மாற்றிவிடுவேன், அப்புறம் சொல்லவே மாட்டேன். அதனால்தான் காகிதத்தில் எழுதி, தாள் தாளாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கையெழுத்து அங்கங்கே ஆடியிருந்தால் அதற்கும் ஒரு நோயைக் கண்டுபிடிக்காதே, பேனா சரியில்லை.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதற்கு இன்னும் வாய் வரவில்லை. இந்த வருடம் சீசன் பலமாக இருக்கிறது. ஜூன் முதல் வாரத்திலேயே சாரல் பிடித்துக்கொண்டது, குற்றாலத்தில் மெயினருவியில் தண்ணீர் கூடிப்போய் இரண்டு நாள் குளிக்கவே விடவில்லை. சென்னையிலிருந்து உன் பெரிய மாமி வீட்டார் ஒன்பது பேர் வந்து நாலு நாள் இருந்தார்கள். வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது, காலையில் அருவி, மத்தியானம் தூக்கம், ராத்திரி செங்கோட்டை தாண்டி கேரளா பார்டர் கடைக்குப் போய் புரோட்டாவும் கோழியும், என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மாடியில் கொடி முழுக்க ஈரத்துண்டு, நடக்க வழியில்லாமல் நான் குனிந்து குனிந்து போனேன், சத்தம் கூடப் போட்டேன். அவர்கள் போன மறுநாள் பார்த்தால் கொடியில் ஒரே ஒரு நீலத்துண்டு, யாருடையது என்று தெரியவில்லை, நான் அதை நாலு நாள் எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் பிள்ளைகள் படிப்புக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் குடும்பத்தோடு ரியாத். மீன்காரர் முன்பெல்லாம் நம் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார், இப்போது நான் இரண்டு மீனுக்கு மேல் வாங்குவதில்லை என்பதால் ஓட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்க்கிறார், நான் தலையை ஆட்டினால் நிற்கிறார், இல்லையென்றால் போய்விடுகிறார். உன் உம்மா மௌத்தாகி நாலு வருடம் ஆகிறது, இன்னும் எனக்கு ஒரு ஆளுக்கு உலை வைக்கத் தெரியவில்லை, தினமும் மிஞ்சுகிறது. இதையெல்லாம் குறை சொல்லவில்லை. மேலே எழுதப் போவதற்கு இதைச் சாக்காக வைத்துக்கொள்ளவும் இல்லை.

பிப்ரவரியில் உன்னோடு டப்ளினில் இருக்கிற நம் ஊர்ப் பையன் உவைஸ் விடுமுறைக்கு வந்தபோது நீ அவனிடம் அந்தப் பிரஷர் மெஷினைக் கொடுத்துவிட்டாய். மருத்துவம், மருந்து இரண்டுக்குமாகச் சேர்த்து நீ படிக்கிற எம்பிஏவுக்குக் கடைசியில் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக இருக்கிற வயதானவர்கள் ஆறு பேருக்கு இந்த மெஷினைக் கொடுத்திருக்கிறோம், கையில் கட்டி பட்டனை அமுக்கினால் எண் தானாகப் போன் வழியாக எங்களுக்கு வந்துவிடும், நீங்கள் நான்காம் எண் என்று சொன்னாய். எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா. சவூதியில் தம்மாமில் பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருந்தவன் நான். பழைய பெட்டியை முன்னால் எடுத்து வை, புதுப் பெட்டியைப் பின்னால் தள்ளு, யாருக்கு எழுதியிருக்கிறதோ அவருக்குத்தான் கொடு, இவ்வளவுதான் என் வேலை. இதையே நீ சப்ளை செயின் என்று டப்ளினில் கோட்டுப் போட்டு உட்கார்ந்து படிக்கிறாய் என்று பள்ளிவாசலில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, இப்போது என்னைக் கண்டாலே சிலர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். தினமும் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து, நீ சொன்னபடி கையை மேஜையில் நீட்டிப் பட்டனை அமுக்குவேன். 124, 126, 122. அறுபத்தாறு வயதுக்கு இது மாப்பிள்ளைப் பிரஷர் என்று நீயே சிரித்தாய்.

அங்கேதான் வினை. எண் வந்த உடனே முதல் மாதம் நீ தினமும் கூப்பிட்டாய். வாப்பா என்ன சாப்பிட்டீர்கள், முட்டு வலி எப்படி இருக்கிறது, கதவைப் பூட்டினீர்களா. இரண்டாவது மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை ஆனது. அதற்கப்புறம் எண் போனால் உன்னிடமிருந்து ஒரு பச்சை டிக் வரும். அவ்வளவுதான். உன்னைத் தப்புச் சொல்லவில்லை ம்மா, காலையில் வகுப்பு, சாயங்காலம் அந்த மருந்துக் கம்பெனி வேலை, ராத்திரி குரூப் ஸ்டடி என்று நீ ஓடுகிற ஓட்டம் எனக்குத் தெரியாதா. வாப்பா நன்றாக இருக்கிறார் என்று எண்ணே சொல்லிவிட்ட பிறகு கூப்பிட்டு என்ன கேட்பாய். ஏப்ரலில் ஒரு சமயம் பதினோரு நாள் பச்சை டிக் மட்டும் வந்தது. பன்னிரண்டாவது நாள் வெள்ளிக்கிழமை.

சுடலைக்கண்ணுவை உனக்குத் தெரியும், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாரே, இலஞ்சிக்காரர். என் முட்டுவலிக்கு அப்புறம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முக்கில் நின்று என்னை ஏற்றிக்கொண்டு வந்து விடுவார், நான் ஒரு டீ போட்டுக் கொடுப்பேன், ஒரு மணி நேரம் கதை பேசிவிட்டுப் போவார். வாரத்தில் நம் வீட்டுக்குள் வந்து உட்காருகிற ஒரே ஆள் அவர்தான். அன்றைக்கு மேஜையில் மெஷினைப் பார்த்துவிட்டு என்ன பாய் இது ரேடியோவா என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மகள் அனுப்பியது, இங்கே அமுக்கினால் டப்ளினில் தெரியும் என்று சொல்லி அவர் கையில் கட்டி அமுக்கிவிட்டேன். 178/104. எனக்கே திக்கென்றது. உமக்குப் பிரஷர் இருக்குது வே, டாக்டரைப் பாரும் என்றேன். அவர் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல பாய், ஒம்ம மிசினுக்குத்தான் ஏதோ கோளாறு, வார சீசன் முடியட்டும் பாப்போம்" என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். அந்த எண் என் பெயரில் உனக்கு வந்திருக்கும் என்பதே எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார், போன் அடித்தது. உனக்கு அங்கே காலை ஒன்பதரை. வகுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன் என்றாய். தலை சுற்றுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, உப்பு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டாய், அப்புறம் உம்மா வைத்த மீன் ஆணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது, உன் அறைத்தோழிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனதைச் சொன்னாய், அங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவை வந்து உட்காருவதைச் சொன்னாய். நாற்பத்திரண்டு நிமிடம். போனில் காட்டுகிறதே, அதைப் பார்த்தேன். ஒவ்வொரு நிமிடமும் இப்போது சொல்லிவிடலாம், அது சுடலைக்கண்ணு கை ம்மா என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சொன்னால் அப்பாடா என்று சிரித்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவாயே என்று சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை டீ போடுவதற்கு முன்னாலேயே மெஷினை எடுத்து வைத்துவிட்டேன். இதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். அவருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது, சட்டைக்கையை மடித்துக்கொண்டே உள்ளே வருவார், எத்தன பாய் இன்னிக்கு என்று பரீட்சை மார்க் மாதிரி கேட்பார். முதல் இரண்டு வாரம் டாக்டரைப் பாரும் என்று சொன்னேன். மூன்றாவது வாரம் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் எண் குறைந்துவிடும் என்று மனதில் ஒரு மூலையில் தோன்றியது, தோன்றியதும் அங்கே பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். மற்ற ஆறு நாளும் என் கை, வெள்ளிக்கிழமை மட்டும் அவர் கை. உங்கள் குரூப்பில் எல்லாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டீர்களாமே, நான்காம் எண்ணுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் ஏறுகிறது என்று. ஒரு பிள்ளை, ஜும்ஆ முடிந்து பிரியாணி சாப்பிடுவார், உப்பு கூடியிருக்கும் என்றாளாம். உங்கள் புரொஃபசர் இது பெரிய விஷயம், ஃப்ரைடே எஃபெக்ட் என்று தனியாக ஒரு பக்கம் போடலாம், கட்டுரையே எழுதலாம் என்றாராம். நீ சந்தோஷமாக அதைச் சொன்னபோது நான் ம்ம் ம்ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நான் சாப்பிடுவது ரசமும் அப்பளமும்தான் மகளே. பிரியாணி செய்ய இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்.

மே மாதம் நீ அந்த வீடியோ டாக்டர் அம்மாவை ஏற்பாடு செய்தாய். அவர் என் எண்களைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், ரத்தம் எல்லாம் சரியாக இருந்தது, அவருக்கே ஆச்சரியம். தினம் ஒன்று போடச் சொல்லி மாத்திரை எழுதினார், மருந்துக்கடையிலிருந்து வீட்டுக்கே வந்தது. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். நான் போட்டால் எனக்குத் தலை சுற்றும், போடாவிட்டால் வீணாகும். பத்தொன்பது வருடப் புத்தி சும்மா இருக்குமா, இது யாருடைய எண்ணுக்கு வந்த மருந்தோ அவருக்குத்தான் போக வேண்டும் என்று சொன்னது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஏழு மாத்திரையைக் கத்திரித்து ஒரு காகிதத்தில் மடித்துச் சுடலைக்கண்ணுவிடம் கொடுத்தேன். என் மகள் அனுப்பினாள், போட்டுப் பாரும் என்றேன். உன் பேரைச் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார். அவரை ஒரு டாக்டர் பார்க்காமல், அவர் உடம்பில் வேறு என்ன இருக்கிறது என்று தெரியாமல் கொடுத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று நீ கத்துவாய், கத்து, இங்கே பெரிய ஆஸ்பத்திரி டாக்டரும் கத்திவிட்டார். ஆனால் மாத்திரை வேலை செய்தது. ஜூனில் அவருக்கு 138, அப்புறம் 134. தலைக்கனம் போய்விட்டது, ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன் என்றார். நீ சூப்பர் வாப்பா என்று அனுப்பினாய், கூடவே ஒரு கட்டைவிரல். மாமி வீட்டாரும் வந்து போய்விட்டார்கள். போன் பதினாறு நாள் அடிக்கவில்லை.

இனி எழுதப் போவதைத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை அவர் டீ குடித்துவிட்டு எழும்போது, "மாத்திரை பாய்" என்று கையை நீட்டினார். இந்த வாரம் வரவில்லை வே, தீர்ந்து போச்சு என்றேன். ஷிஃபா, மாத்திரை இருந்தது. உன் உம்மாவின் அலமாரியில், சேலை மடித்து வைக்கிற தட்டில், பிரிக்காத இரண்டு அட்டை இருந்தது. அவர் சரி பாய் வந்தாக் குடும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது, கொஞ்சம் ஏறும், நீ ஒரு தடவை கூப்பிடுவாய், அடுத்த வாரம் கொடுத்துவிடலாம், இதுதான் என் கணக்கு. அடுத்த வெள்ளி 162 காட்டியது. நீ கூப்பிட்டாய், ஆனால் ஏழு நிமிடம்தான், பரீட்சை இருக்கிறது என்றாய். அன்றைக்கும் நான் மாத்திரையைக் கொடுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை 192/112. நீ அழுதாய். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாய், நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, போய் வந்தேன், ஊசி போட்டார்கள், குறைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அந்த நேரம் முழுவதும் நான் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் நீ, படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நான் வந்துவிடுகிறேன் வாப்பா என்றாய். உன்னிடம் மறைக்க மாட்டேன், அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் அறையைக் கூட்டினேன். மெத்தையை வெயிலில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுடலைக்கண்ணு ஆட்டோவில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போயிருக்கிறார். வழியில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியிருக்கிறது. கண் இருட்டியும் எப்படியோ வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டாராம். வண்டியில் ஒரு கைக்குழந்தையும் இருந்ததாம். அருவிக்குக் குளிக்க வந்த ஜனங்கள்தான் வேறு வண்டியில் தூக்கிப்போட்டுத் தென்காசிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மூக்கு வழியாக வந்தது நல்லதாகப் போயிற்று, தலைக்குள் வந்திருந்தால் வேறு கதை என்று டாக்டர் சொன்னாராம். எனக்குத் திங்கட்கிழமை காலையில்தான் தெரியும். ஓடினேன். கட்டிலில் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார், பக்கத்தில் அவர் மனைவி இசக்கிமணி. என்னைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பாய், நீங்க தார மாத்திரையப் போட்ட வரைக்கும் அவுக நல்லாத்தான் இருந்தாவ, அது தீந்து போன பொறவுதான் இப்படி ஆயிட்டு, எங்கயாது ரெண்டு அட்ட வாங்கித் தாங்க பாய்" என்றாள். வாங்க வேண்டாம் இசக்கிமணி, வீட்டில் இருக்கிறது, அன்றைக்கும் இருந்தது என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. "அன்னைக்கும் இருந்துச்சா?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், எண் உனக்குப் போவது, நீ கூப்பிடுவது, எல்லாம். பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். சுடலைக்கண்ணு திட்டுவார் என்று நினைத்தேன். "ஒரு போனுக்காவ பாய்?" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆஸ்பத்திரியிலேயே அவருக்கென்று சரியாகப் பார்த்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாம். இன்று காலையில் இலஞ்சிக்குப் போனேன். பஸ்ஸில் போய், குமாரகோயில் பக்கத்திலிருந்து நடந்து போனேன். ஆட்டோவைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். இசக்கிமணி வாசலுக்கு வந்து, அவர் தூங்குகிறார் என்றாள். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை. அவள் செய்தது சரிதான். திரும்பி நடக்கும்போது சாரல் பிடித்துக்கொண்டது, குடை கொண்டு போகவில்லை, நனைந்துகொண்டே வந்தேன். உனக்குச் சளிப்பிடித்தால் உம்மா திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. இனி வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முக்கில் எனக்காக யாரும் நிற்கப் போவதில்லை. நடந்து வருவேன், முட்டு ஒன்றும் கழன்று விழுந்துவிடாது.

இனி நீ செய்ய வேண்டியது. முதலில் டிக்கெட்டை ரத்து செய். காலேஜுக்கு ஒன்றும் எழுதிக் கொடுக்காதே. இன்னும் ஏழு வாரப் படிப்பு, அதை விட்டுவிட்டு வர இங்கே யாரும் சாகக் கிடக்கவில்லை. இரண்டாவது, உங்கள் புராஜெக்டில் ஏப்ரலில் இருந்து நான்காம் எண்ணின் வெள்ளிக்கிழமை எல்லாம் பொய், அதை எடுத்துவிடு. ஃப்ரைடே எஃபெக்ட் பக்கத்தைக் கிழித்துவிடு. புரொஃபசரிடம் என் வாப்பா ஏமாற்றிவிட்டார் என்று நேராகச் சொல். உன் கூட இருக்கிற பிள்ளைகளுக்கு மார்க் குறைந்தால் அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். வெட்கமாக இருக்கும், எனக்காக ஒரு தடவை வெட்கப்படு. அப்புறம், கேட்கிறாரோ இல்லையோ இதையும் புரொஃபசரிடம் சொல்லிவை. உங்கள் மெஷின் எண் நன்றாக இருந்தால் பச்சை டிக் போட வைக்கிறது, கெட்டுப்போனால் மகளைக் கூப்பிட வைக்கிறது. இப்படி வைத்தால் ஸ்டோர்கீப்பர் என்ன, எவனாக இருந்தாலும் மூன்று மாதத்தில் வழி கண்டுபிடித்துவிடுவான். மற்ற ஐந்து பேரையும் கொஞ்சம் விசாரித்துப் பார், குறிப்பாக அந்தப் போர்ச்சுகல்காரரை, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறது என்று நீதானே சொன்னாய். வீடியோ டாக்டர் அம்மாவிடமும் சொல்லிவிடு, மிச்ச மாத்திரையை நான் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. உனக்கு ஐந்து வயது இருக்கும்போது, ஷிஃபாவுக்கு டைபாய்டு, வாய் ஓயாமல் வாப்பா வாப்பா என்கிறாள் என்று உன் உம்மா தம்மாமுக்கு எழுதினாள். நான் பதறிப்போய் லைன் கிடைக்காமல் பூத்தில் கிடந்து கூப்பிட்டால், நீயே போனை எடுத்து எனக்குப் பொம்மை வேண்டும் என்று கத்துகிறாய். காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை. உம்மாவிடம் ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன், அவள் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். எனக்கு அப்படி ஒரு கோபம். அடுத்த ஒரு மாதம் நான் கூப்பிடவும் இல்லை, கடிதம் போடவும் இல்லை. பொய் சொன்னதற்கு அது சரியான தண்டனை என்று நினைத்துக்கொண்டு, அங்கே நான்பாட்டுக்குப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மாதம் அவள் இந்த வீட்டில் எப்படி இருந்தாள் என்று கடைசி வரை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இந்த வாரம்தான் எனக்கு அது தெரிந்தது. அவளிடம் இனி மன்னிப்புக் கேட்க முடியாது. அவளை அடக்கிய இடத்துக்கு ஜியாரத்துக்குப் போய் நின்றேன், ஃபாத்திஹா மட்டும் ஓதிவிட்டு வந்தேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்கு அந்தக் கம்பளி பனியனைப் போடு, பெட்டியிலேயே வைத்திருக்காதே. சுபுஹு தவறவிடாதே. உன் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வான், நீ படித்த படிப்பு நாலு பேர் உயிருக்கு உதவும், உன் வாப்பாவைப் போல எந்த மகளுக்கும் ஒரு நோயாளி கிடைக்காமல் இருக்க துஆச் செய்கிறேன். மெஷினை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன், நீ சொன்னால் எடுப்பேன், இல்லையென்றால் இல்லை. இந்தக் கடிதத்தை நீ வாசித்ததும் வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்பதும் உனக்குத் தெரியும். உனக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காதே ம்மா. கோபத்தோடேயே கூப்பிடு.

இப்படிக்கு,
உன் வாப்பா
அகமது கபீர்